படியைப் பார்க்காமல் அடித்த இரட்டை மணி

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்கிறவன் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை அவன் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த ஜாதி இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. என் சம்சாரம் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். அவள் இருக்கிற இருப்புதான் இதற்குச் சாட்சி.

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் பார்த்தது பட்டப்பகலில். டியூப் லைட் வெளிச்சத்தில். உள்ளே போகச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அந்தக் காலத்து வண்டிகளில் பின்னால்தான் ஏறும் வழி. கதவு கிடையாது. ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். கூரையோரமாக ஒரு கயிறு டிரைவர் தலைக்குமேல் இருக்கும் மணிவரைக்கும் போகும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் வண்டி நிற்கணும். இரண்டு தடவை இழுத்தால் போகணும். கூட்டம் மறைப்பதால் பின்படியில் என்ன நடக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. மணியை நம்பித்தான் அவர் வண்டியை எடுப்பார். அதனால் கண்டக்டருக்கு ஒரே சட்டம்: படியைப் பார்க்காமல் இரட்டை மணி அடிக்கக் கூடாது. ஒருத்தரின் ஒரு கால் கீழே இருந்தாலும் கை கயிற்றுக்குப் போகக் கூடாது. என் வண்டியில் முப்பது வருஷத்தில் ஒருத்தர்கூட விழுந்தது கிடையாது. இதை எந்த டிப்போவிலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. ஊரான் வீட்டுப் பெண்களை எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றினவன், கட்டினவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. தெருவில் நடந்தால் நான் பத்தடி முன்னால் போவேன். அவள் பின்னால் வருவாள். வருகிறாளா என்று பார்க்க மாட்டேன். வருவாள், வேறு எங்கே போவாள்? என் வண்டியிலும் அவளை ஏற்றியதில்லை. ஏற்றினால், பொண்டாட்டிக்கு ஓசிச் சவாரி என்று எவனாவது மேலதிகாரிக்கு எழுதிப் போடுவான். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. "அடுத்த வண்டியில வா" என்பேன். முப்பது வருஷமும் அவள் அடுத்த வண்டியில்தான் வந்தாள்.

அந்தப் போக்குவரத்து அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னது என் மகள். அவள் ஆபீசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். பல்லக்கிலிருந்து விமானம்வரைக்கும் வைத்திருக்கிறார்களாம். "அப்பா, நீங்க ஓட்டின மாதிரி சிவப்பு பஸ்கூட இருக்கு" என்றாள். நான் ஓட்டவில்லை, டிக்கெட் கொடுத்தேன் என்றேன். பழைய இரும்பைப் பார்க்க டாக்சி வைத்துப் போகணுமா என்று கேட்டேன். என் சம்சாரம்தான், "நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் எதையும் அப்படிக் கேட்கிறவள் இல்லை. முட்டி வலி. வாசல் படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவள்.

மகள் மத்தியானம் டாக்சியில் கூட்டிவந்து எங்களை அங்கே இறக்கிவிட்டு ஆபீசுக்குப் போனாள். ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு.

நான் கையில் குடை வைத்திருந்தேன். மரப்பிடி. பிடி ஒரு தடவை பிளந்துபோய், செம்புக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறேன். மூன்று மாசமாக ஒரு சொட்டு மழை இல்லை. "வானத்தக்கூட நம்பாத மனுஷன்" என்று அவள் டாக்சிக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள்.

முதல் கூடத்தில் பல்லக்கு. அப்புறம் குதிரை வண்டி, கைரிக்‌ஷா, பாதியாக அறுத்து வைத்த ஒரு டிராம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பலகை. நான் பலகையைப் படிக்கவில்லை. குதிரை வண்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன். மரம் புதுசு. நூறு வருஷம் என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்ப முடியாது.

கடைசிக் கூடத்தின் மூலையில் அந்த பஸ் நின்றது.

சிவப்பு. பின்படி. கம்பி. உள்ளே கூரையிலிருந்து தொங்கும் தோல் வளையங்கள், இரண்டு வரிசை. பஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தெருவை வரைந்திருந்தார்கள். விளக்குக் கம்பம், கடைகள், மரங்கள். எதிரே பழைய ரயில் நிலையத்துக் கடிகாரம் ஒன்று, ஆள் உயரத்துக்கு. அது மட்டும் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்று எட்டு.

காவலாளி ஒருவர் நின்றிருந்தார். அவர் தலைக்கு இரண்டு அளவு பெரிய தொப்பி. மனசுக்குள் தொப்பிக்காரர் என்று பேர் வைத்தேன்.

"இதுதான உங்க வண்டி?" என்றாள் என் சம்சாரம்.

"என் வண்டி இல்ல. அந்த மாதிரி வண்டி."

"இன்னிக்காவது என்ன ஏத்திக்குவீங்களா, இல்ல அடுத்த வண்டில வரணுமா?"

தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வெளியாள் முன்னால் பேசுகிற பேச்சா இது.

"ஏறிப் பாக்கலாம் பெரியவரே, உக்காரலாம்" என்றார் அவர். "கயித்த மட்டும் தொடாதீங்க."

"ஏன், அறுந்துடுமா?"

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. தொட்டா என்னத்தான் கேப்பாங்க."

"முப்பது வருஷம் இழுத்த கையிய்யா இது."

"அதான் பயமா இருக்கு" என்றார்.

அவள் அதற்கும் சிரித்தாள். அப்போது பக்கத்து விமானக் கூடத்திலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கடிகாரத்தில் மூன்று பத்து. நான் முதலில் ஏறினேன். வழக்கம்போல. அவளுக்குக் கை கொடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

ஏறினதும் முதலில் கண்ணில் பட்டது தரை. ஈரம். வண்டி முழுக்கச் செருப்புத் தடங்கள், சேறோடு. மழை நாளில் நிறையப் பேர் ஏறி இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நன்றாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, சம்பளம் மட்டும் வாங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

டிரைவர் கூண்டில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டை, தொப்பி. முதுகு மட்டும் தெரிந்தது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். கழுத்துப் பட்டியில் வேர்வைக் கறைகூட இருந்தது.

குடையை ஒரு சீட்டுக் கம்பியில் மாட்டினேன். தலைக்குமேல் கயிறு. கை தானாகப் போனது. கோபமும் இருந்தது, கொஞ்சம் வீம்பும் இருந்தது. தொடாதே என்று சொன்னால் தொடத்தான் தோன்றும். செத்த வண்டிதானே. எங்கே போய்விடும்?

"என்ன அண்ணே, எடுக்கலாமா?" என்று பொம்மையைக் கேட்டேன். பின்னால் அவள் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

படியைப் பார்க்கவில்லை.

"போலாம் ரைட்."

கயிற்றை இழுத்தேன். இரண்டு தடவை.

டிங்... டிங்.

அந்த மணி அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. ஏதோ மெஷின் வைத்திருக்கிறார்கள், வந்தவர்களை ஏமாற்ற என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வாடை வந்தது. டீசல். நனைந்த துணி. நிறைய ஆட்கள் நெருக்கி நிற்கும்போது வரும் அந்த மூச்சு வாடை. அதை எந்த மெஷினும் செய்ய முடியாது.

ஜன்னலில் மழைக் கோடுகள்.

சுவரில் வரைந்த விளக்குக் கம்பம் மெதுவாகப் பின்னால் போனது. அடுத்த கம்பம் வந்தது. அதுவும் போனது. தோல் வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்பக்கம் சாய்ந்தன.

வண்டி போகிறது.

"ஏங்க..."

என் சம்சாரத்தின் குரல். பின்னாலிருந்து. ஆனால் படியிலிருந்து இல்லை. தூரத்திலிருந்து.

திரும்ப நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. யாரும் பிடிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. சும்மா திரும்பவில்லை. கல்யாணமானதிலிருந்து நாற்பது வருஷம் திரும்பாத கழுத்து.

கயிற்றை ஒரு தடவை இழுத்தேன். நிறுத்தச் சொல்கிற மணி.

சத்தம் இல்லை.

மறுபடி இழுத்தேன். இல்லை. கயிறு கையில் இறுக்கமாகத்தான் இருந்தது. மணிதான் அடிக்கவில்லை. என் தோளை யாரோ தட்டினார்கள்.

"கண்டக்டர், ஆள் விழுந்துடுச்சு."

ஒரு பெண் குரல். பதறவே இல்லை. சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னது.

இழுத்தேன். இழுத்தேன்.

டிரைவருக்கு எதிரே ஒரு கண்ணாடி உண்டு. அதில் பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் ஆட்கள். நிற்கவும் ஆட்கள். எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு அப்பால் படி. படிக்கு அப்பால் மழை பெய்கிற தெரு.

தெருவில் அவள் ஓடி வந்தாள்.

முட்டி வலிக்காரி. ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கை நீட்டியிருந்தது.

சின்னதாகிக்கொண்டே போனாள்.

"நிறுத்துங்க..." என்றேன். குரல் வரவில்லை.

அப்போது கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது.

டிரைவரின் கண்.

பொம்மைக் கண் இல்லை. என்னைப் பார்த்தது. என் பதிலுக்குக் காத்திருக்கிற கண். மணி கொடுத்தது நீதானே என்று கேட்கிற கண்.

டிங்.

ஒரே ஒரு மணி.

நான் இழுக்கவில்லை.

எல்லாம் நின்றுவிட்டது. மழை இல்லை. வாடை இல்லை. சுவரில் வரைந்த கம்பம் சுவரிலேயே இருந்தது. கழுத்தும் திரும்பியது.

படி காலியாக இருந்தது. கீழே அவள் கிடந்தாள். பக்கவாட்டில், ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டு. ஒரு செருப்பு தள்ளிக் கிடந்தது. இறங்கி ஓடினேன். தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். நெற்றியில் வீங்கியிருந்தது. அழவில்லை. கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்த மாதிரிதான் இருந்தது. நிமிர்ந்தபோது அந்த ஆளுயரக் கடிகாரம் எதிரே தெரிந்தது. மூன்று இருபத்தொன்று.

தொப்பிக்காரர் அப்போதுதான் ஓடி வந்தார். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். எங்கே போய்த் தொலைந்தாய், படியெல்லாம் ஈரமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், வயசானவர்கள் வருகிற இடமா இது என்று கத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணினார்.

ஏன் அப்படிக் கத்தினேன்? வேறு என்ன சொல்வது? நான் மணி அடித்தேன், செத்த வண்டி ஓடியது, அவள் விழுந்தாள் என்று சொன்னால் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள்?

இடுப்பு எலும்பு முறிவு. தலையிலும் அடி. அறுவை சிகிச்சை. மகள் வந்து என்ன ஆச்சு அப்பா என்றாள். படி ஈரம், வழுக்கிவிட்டாள், காவலாளி இடத்தில் இல்லை என்றேன். கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. மகள் அருங்காட்சியகத்தாரிடம் புகார் கொடுத்துவிட்டாள். சும்மா விடக்கூடாது என்றாள். அவள் என் மகள்.

அடுத்த வாரம், "அந்த ஆள வேலைய விட்டு எடுத்துட்டாங்கப்பா" என்று வந்து சொன்னாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அவரே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பி இல்லை. தலை வழுக்கை. அதனால்தான் பெரிய தொப்பியோ என்னவோ. ஒரு பையில் ஆரஞ்சு வைத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் என் சம்சாரத்தைப் பார்த்து எப்படிம்மா இருக்கீங்க என்று கேட்டார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பெரியவரே, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அந்த வண்டிக்குத் தண்ணி காட்டவே கூடாது. பழைய பெயிண்டு. காஞ்ச துணியில தூசு தட்றதோட சரி. ஈரத்துக்கு வழியே இல்லீங்க."

ஈரத்தை நான் பார்த்தேன். சேற்றுத் தடத்தை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது யார் கொண்டுவந்த ஈரம் என்று இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்?

அவர் போனதும் என் சம்சாரம் கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அந்த ஆள் மேல ஏங்க பழி போட்டீங்க?"

நான் ஆரஞ்சுப் பையை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு கோவக்காரரு" என்றாள். "ஆனா பொய் சொல்ல மாட்டாரு."

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் அப்படித்தான், சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவாள். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நேராக அருங்காட்சியகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. தப்பு என்மேல்தான் என்றேன். அந்த ஆள் தொடாதே என்று சொன்னார், நான் கயிற்றை இழுத்தேன், மணி அடித்தது, அவள் ஒரு கால் கீழே இருக்கும்போது பயந்து விழுந்துவிட்டாள், படியில் ஈரம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அவரை வேலையில் சேருங்கள் என்றேன். வண்டி ஓடியதைச் சொல்லவில்லை.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மணி அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அந்த மணிய நாங்க எப்பவோ கழட்டிட்டோமே ஐயா. வர்றவங்க எல்லாம் இழுத்துட்டே இருந்தாங்கன்னு. கயித்தோட நுனிய ஆணியில கட்டி வெச்சிருக்கு."

கேமராப் படம் இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். காவலாளி இடத்தில் இல்லை என்பது தெரிந்ததுமே முன்பு படத்தை நிறுத்திவிட்டார்களாம். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லையாம். சத்தமில்லாத படம். போட்டாள்.

நான் ஏறுகிறேன். கையில் குடை. அவள் பின்னால் வருகிறாள். நான் குடையைக் கம்பியில் மாட்டுகிறேன். டிரைவர் கூண்டு தெரிகிறது. காலி. பொம்மை எதுவும் இல்லை. அவள் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைக்கிறாள். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். என் கை மேலே போகிறது. இரண்டு தடவை.

அவள் வழுக்கவில்லை. வழுக்கி விழுகிறவர்கள் வேறு மாதிரி விழுவார்கள். கம்பி கையை விட்டுப் பறிபோனது. வண்டியோடு போகிற திசையில் இரண்டு எட்டு ஓடினாள். அப்புறம் விழுந்தாள். ஓடுகிற வண்டியிலிருந்து மட்டும்தான் அப்படி விழுவார்கள். வண்டியோ அசையவில்லை. அது இரும்பு முட்டுகள்மேல் நிற்கிறது. சக்கரம் தரையைத் தொடவே இல்லை.

அதற்கப்புறம் நான் ஓடியிருக்க வேண்டும் அல்லவா?

நான் நின்றேன்.

கயிற்றில் கை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, மரம் மாதிரி நின்றேன். அவள் தரையில் கிடந்தபடி ஒரு கையைத் தூக்கினாள். வாயைத் திறந்து மூடினாள். அந்த உதடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஏங்க. மறுபடியும் ஏங்க. கை சோர்ந்து விழுந்தது. மறுபடி தூக்கினாள். நான் திரும்பவில்லை.

பதினோரு நிமிஷம்.

அந்த பஸ்ஸுக்குள் எனக்கு அவள் குரல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அவள் பதினோரு நிமிஷம் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. திரையின் மேல் பக்கத்தை விரலால் காட்டினாள். தோல் வளையங்கள். எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஆடவில்லை. பதினோரு நிமிஷமும் சாய்ந்தே நின்றன. கடைசியில் ஒரே நேரத்தில் நேராகின. அப்போதுதான் நான் திரும்புகிறேன், இறங்கி ஓடுகிறேன்.

"காத்தா இருக்கும்" என்றாள். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"உங்க குடைய எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். நான் இறங்கும்போது கம்பியில் குடை இல்லை. என் கையிலும் இல்லை. வீட்டிலும் இல்லை. பஸ் முழுக்கத் தேடிவிட்டார்கள். எங்கேயும் இல்லை.

தொப்பிக்காரரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான காரியம். மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது நல்லதுதான்.

என் சம்சாரத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அக்குள் கட்டை வைத்து நடக்கப் பழக்கினேன். நான் இப்போது முன்னால் போவதில்லை. தப்பித் தவறி இரண்டு எட்டு முன்னால் போய்விட்டால்கூட உடனே திரும்பிப் பார்க்கிறேன். நிற்கிறாளா, வருகிறாளா, கால் சரியாக வைத்தாளா. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். செய்த பாவத்துக்கு இதுவாவது செய்ய வேண்டாமா?

ஒரு நாள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தோம். நான் திரும்பினேன். அவள் நின்றுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா" என்றாள். "வண்டி போயிடுச்சு இல்ல? நான் கூப்பிட்டேன். அவரு திரும்பல. அவரு எப்பவும் திரும்ப மாட்டாரு."

வண்டி போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

"நான்தான அது" என்றேன்.

"ரொம்ப நேரம் அந்த எடம் காலியா கெடந்துச்சு. வெறுந்தரை. சக்கரம் நின்ன எடத்துல தூசி. அப்புறம் வண்டி வந்து நின்னுச்சு. நீங்க எறங்குனீங்க."

"நான்தாம்மா போனேன். நான்தான் வந்தேன்."

அவள் என் முகத்தைத் துழாவிப் பார்த்தாள். கடையில் கொடுத்த சில்லறை செல்லுமா என்று பார்க்கிற மாதிரி.

"எறங்குனதும் மொதல்ல படியப் பாத்தீங்க. அப்புறம் என்னப் பாத்தீங்க. நாப்பது வருஷத்துல அவரு ஒரு தடவகூடப் பாத்ததில்ல." குரலில் கோபம் இல்லை. மரியாதையாகவே சொன்னாள். விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை. "நீங்க நல்லவருதான். நல்லாத்தான் பாத்துக்கறீங்க."

தலையில் அடிபட்டதால் சில பேருக்கு இப்படி ஆகும், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். இருக்கலாம். டாக்டர் படித்தவர். ஆனால் வண்டி போனது டாக்டருக்குத் தெரியாது.

பழையபடி நடந்து காட்டலாம் என்றும் பார்த்தேன். வீம்பாகப் பத்தடி முன்னால் போனேன். திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதான பாத்தேன் என்கிற மாதிரி.

போன வாரம் தொப்பிக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காலையில் கூடத்தைத் திறந்ததும் பஸ்ஸின் கடைசிச் சீட்டில் இருந்ததாம். கேமராவில் யாரும் வந்து வைத்த மாதிரி இல்லையாம்.

என் குடை. பிடியில் நான் சுற்றிய செம்புக் கம்பி. விரித்து மடக்கிய குடை. நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மழையே இல்லியே பெரியவரே" என்றார் அவர். "எங்க போய் நனைஞ்சுது இது?"

நான் கை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டாள். கட்டையை ஊன்றி எழுந்து வந்து என் கையில் கொடுக்காமல் வாங்கினாள். விரித்துக் காயவைத்தாள். காய்ந்ததும் மடக்கி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், வாசல் தெரிகிற மாதிரி சாத்தி வைத்திருக்கிறாள். நான் தொட்டால் விடுவதில்லை.

"அவரு குடை இல்லாம எங்கயும் போக மாட்டாரு" என்கிறாள். "எடுக்க வருவாரு."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.